மாதிரி ரயில் பாதை: மேசை வட்டமா, சுவரோரமா, அலமாரிப் பலகையா?

மாதிரி ரயில் அமைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கேல், அதாவது நிஜ ரயிலை எந்த விகிதத்தில் சிறிதாக்குவது என்பதுதான் முதலில் வரும் கேள்வி. எச்ஓவா, ஓஓவா, அவற்றைவிடச் சிறிய 'என்' ஸ்கேலா? கடைகளில் சரக்கு ஸ்கேல் வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால் இந்த வரிசை இயல்பானதாகத் தெரிகிறது. எனக்கோ இது தலைகீழாகவே படுகிறது. பாதை எந்த வடிவில், எந்தப் பலகையின் மேல் போகப்போகிறது என்பது தீர்ந்துவிட்டால் ஸ்கேல் பற்றிய குழப்பத்தில் பாதி தானாக அடங்கிவிடும். ஸ்கேலை முதலில் முடிவு செய்து எஞ்சினும் பெட்டியுமாக வாங்கிக் குவித்தவர்கள், அவற்றைத் திருப்ப இடம் போதாத வளைவுகளோடு பிற்பாடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வடிவத்தைத் தேர்வதற்கு உங்கள் ருசி உங்களுக்குத் தெரிய வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் ரயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். சரக்குப் பெட்டிகளைக் கழற்றி, கோத்து, சைடிங் எனும் பக்கத் தடத்தில் தள்ளி வரிசைப்படுத்துவது வேறொரு சுகம். பழைய கிடங்கின் சுவரில் காரை பெயர்ந்திருப்பதைக் கட்டைவிரல் அகலத்தில் செய்துகாட்டுவது மூன்றாவது. மூன்றும் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஓய்வு நாளில் கை முதலில் எதைத் தேடுகிறது என்று கவனித்தால் உண்மை தெரிந்துவிடும்.

வடிவங்களை ஒப்பிடும்போது நான் பார்ப்பது பரப்பளவை. தண்டவாளம் போடுவது சில வாரங்களில் முடிகிற வேலை. தண்டவாளம் இல்லாத மீதி இடத்தை மண்ணாகவும் புல்லாகவும் ஊராகவும் மாற்றுவதுதான் ஆண்டுக்கணக்கில் நீளும். வெற்றுப் பிளைவுட்டாகவே நின்றுபோன பெரிய அமைப்புகள் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

ஒற்றைப் பலகை வட்டம்

நான்கடி அகலம், எட்டடி நீளம். பிளைவுட் தாள் இந்த அளவில் கிடைப்பதால் உலகெங்கும் முதல் அமைப்பு இப்படித்தான் பிறக்கிறது. மரம் அறுக்கும் வேலை குறைவு. ரயிலை விட்டுவிட்டால் நிற்காமல் சுற்றும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு நிகர் எதுவும் இல்லை.

இதன் குறை, பார்க்கும்போது தெரியாத இடத்தில் இருக்கிறது. நான்கடிப் பலகையைச் சுவரை ஒட்டிப் போட்டால் அந்தக் கோடிக்குக் கை எட்டாது. சாய்ந்து எட்டக்கூடிய தூரம் ஏறத்தாழ இரண்டரை அடி. ஆகவே சுற்றிலும் நடக்க இரண்டடி விட வேண்டும். இப்போது அது விழுங்குவது எட்டுக்குப் பன்னிரண்டு அடி அறை முழுவதையும். பலகை முப்பத்திரண்டு சதுர அடிதான், கேட்கிற இடம் தொண்ணூற்றாறு.

இன்னொரு குறை வளைவு. நான்கடி அகலத்தில் எச்ஓ பாதை 22 அங்குல ஆரத்துக்கு, அதாவது 56 செ.மீ.க்கு மேல் போக முடியாது. அனுபவசாலிகள் சொல்லும் விதி ஒன்று உண்டு: பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது ஆரம் இருந்தால் ரயில் தொந்தரவின்றி ஓடும்; வெளிப்புறமிருந்து பார்க்க அழகாக இருக்க நான்கு மடங்கு வேண்டும். எண்பத்தைந்தடி நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்ஓவில் 30 செ.மீ. வரும்; அதற்குக் குறைந்தது 90 செ.மீ. ஆரம் வேண்டும். நாற்பதடிச் சரக்குப் பெட்டி 14 செ.மீ.தான், 42 செ.மீ. ஆரத்திலேயே அமைதியாகத் திரும்பும். எனவே ஒற்றைப் பலகையில் எச்ஓ என்றால் குட்டைப் பெட்டிகளும் சிறிய எஞ்சின்களும் ஓடும் கிளைப்பாதை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நீண்ட விரைவு ரயில் ஆசை இருந்தால் வடிவத்தையோ ஸ்கேலையோ மாற்றத்தான் வேண்டும். இந்த வட்டத்தின் மொத்தச் சுற்றளவு ஆறு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பத்துப் பெட்டி விரைவு ரயில் மூன்று மீட்டர். எஞ்சின் தன் வாலைத் தானே துரத்துவது போலிருக்கும்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பலகையின் நடுவே நீளவாக்கில் ஒரு பின்னணித் திரை நிறுத்தி, இருபுறமும் இரண்டு வெவ்வேறு ஊர்களைச் செய்வது. ரயில் ஓர் ஊரிலிருந்து மறைந்து இன்னோர் ஊரில் வெளிப்படும். ஒற்றைப் பலகைதான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஒரே யோசனை இதுதான்.

சுவரோரமாகச் சுற்றி

அதே எட்டுக்குப் பன்னிரண்டு அறையில் சுவர்களை ஒட்டி ஒன்றரை அடி அகலப் பலகையைச் சுற்றிலும் ஓட்டினால், பாதையின் நீளம் பத்து மீட்டரைத் தாண்டும். மூலைகளில் பலகையைச் சற்று அகலமாக்கினால் 90 செ.மீ. ஆரம் கிடைக்கும். நீங்கள் நடுவில் நிற்பீர்கள். எந்த இடமும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். வளைவின் உட்பக்கத்திலிருந்து பார்ப்பதால் பெட்டிகளுக்கு இடையே வாய் பிளக்கும் இடைவெளிகளும் கண்ணை உறுத்துவதில்லை. ரயில் பார்க்கிற சுகம்தான் வேண்டும் என்றால் இதை மிஞ்சிய வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

கதவுதான் வில்லன். பலகைக்கு அடியில் குனிந்து புகுவது இளமையில் விளையாட்டு, முதுமையில் தண்டனை. கதவு போல் திறக்கும் பாலம் வைக்கலாம். ஆனால் மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது அதன் இரு முனைகளிலும் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகினாலே போதும், பெட்டி கவிழும். தச்சு வேலையில் பொறுமை இல்லாதவர்கள் எடுத்து வைக்கும் பலகை ஒன்றைப் போட்டு, ரயில் ஓட்டும்போது மட்டும் பொருத்திக்கொள்வது நல்லது.

பரப்பளவு இங்கே ஐம்பது சதுர அடியை எட்டுகிறது. மேசைப் பலகையைவிட ஒன்றரை மடங்கு வேலை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இது நீளவாக்கில் கிடப்பதால், ஒரு மூன்றடித் துண்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மேசையில் பாதி முடிந்த ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்து மனத்தை உடைக்கும்.

அலமாரிப் பலகை

ஓரடி அகலம், ஐந்து அல்லது ஆறடி நீளம். புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும். ரயில் சுற்றாது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும். 'அவ்வளவுதானா?' என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனில் ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற அமைப்பைக் காட்ட வேண்டும். மூன்று சைடிங்குகள், தடம் பிரியும் பாயின்ட்டுகள் இரண்டே. ஒன்றில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் தலைப்பாதையில் எஞ்சினோடு மூன்று பெட்டிக்குத்தான் இடம். எட்டுப் பெட்டிகளிலிருந்து ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். அந்த வரிசைகள் 6,720 இருக்கின்றன. எச்ஓவில் ஆறடிக்குள் அடங்கும். 'என்' ஸ்கேலில் ஒரு மீட்டர் போதும்.

முழுதாக முடிக்கக்கூடிய பரப்பு என்பதுதான் இதன் பெரிய பலம். ஆறு சதுர அடி. தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஒவ்வொரு கட்டையிலும் எண்ணெய்க் கறை வைக்கலாம், ஒவ்வொரு சன்னலிலும் திரை போடலாம். வேலைப்பாட்டில் ஈடுபாடு உள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஷன்டிங், அதாவது பெட்டிகளைக் கழற்றிக் கோத்து வரிசைப்படுத்துவது, பிடித்தவருக்கும் இதுவேதான். ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர் இதன் பக்கமே வர வேண்டாம். ஒரே மாதத்தில் சலித்துப்போகும்.

ஒரு கோடியில் மறைவான தடங்களை வைத்துவிட்டால் ரயில் எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது என்ற பிரமை கிடைக்கும். பிரிட்டனில் இதை ஃபிடில் யார்டு என்பார்கள். நாடக மேடையின் பின்புறம் போல, கையால் ரயில்களை மாற்றி வைப்பதற்கான இடம் அது.

துண்டுதுண்டாகச் செய்து பலரோடு இணைக்கும் மாடுலர் முறையும் உண்டு. 'என்' ஸ்கேலில் டி-ட்ராக், காட்டோ நிறுவனத்தின் யுனிட்ராக் பாதைத் துண்டுகளையே இணைப்பாகப் பயன்படுத்துகிறது. மடியில் வைத்து வேலை செய்யக்கூடிய சிறு பெட்டிகள். சேர்ந்து ஓட்ட ஆட்கள் இருந்தால் அருமையான வழி. தனி ஆளுக்கு இது அலமாரிப் பலகையின் இன்னொரு பெயர்தான்.

இப்போது ஸ்கேல்

எச்ஓ என்பது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' என்பது 1:160, இடைவெளி 9 மி.மீ. போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 1:120 அளவிலான டிடி இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம், ஆனால் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் பொருள்கள் குறைவு. மெர்க்லின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த இசட் 1:220. கண்ணும் கையும் நடுங்காதவர்களுக்கு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓ ஸ்கேல் மாடல்களை ஒருமுறை கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, ஆனால் அறை கேட்கும்.

பிரிட்டிஷ் ரயில்களை விரும்புகிறவர்கள் ஓஓவுக்குப் போவார்கள். அது 1:76, ஓடுவதோ எச்ஓவின் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். ரயில்கள் ஒன்றாக ஓடும் என்பதால் வீடுகளையும் மனித உருவங்களையும் கலந்துவிடாதீர்கள். ஓஓ மனிதர்கள் ஏழில் ஒரு பங்கு உயரமாக இருப்பார்கள்; எச்ஓ கதவுக்குள் நுழைய அவர்கள் குனிய வேண்டியிருக்கும். 'என்' ஸ்கேலிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150, தண்டவாளம் மட்டும் எல்லோருக்கும் 9 மி.மீ.

'என்' ஸ்கேல் இடத்தைச் சேமிக்கும் என்று சொல்லப்படுவது உண்மை. அதில் எண்பத்தைந்தடிப் பெட்டி 16 செ.மீ.தான் வரும், 49 செ.மீ. ஆரம் போதும், நான்கடிப் பலகையிலேயே விரைவு ரயில் கம்பீரமாகத் திரும்பும். ஆனால் வேலையைச் சேமிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பத்திரண்டு சதுர அடிப் பலகை எச்ஓவில் ஐந்தரை ஏக்கர் நிலம். அதே பலகை 'என்' ஸ்கேலில் ஏறக்குறைய பத்தொன்பது ஏக்கர். ஏக்கருக்கு நூறு மரம் என்று வைத்தால் ஒன்றில் ஐந்நூற்றைம்பது, மற்றதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். இடம் குறைவு என்பதால் 'என்' எடுப்பவர், பலகையையும் குறைத்தால்தான் லாபம். பலகையை அப்படியே வைத்துக்கொண்டால் அவர் வாங்கியிருப்பது மூன்றரை மடங்கு நாட்டுப்புறம்.

வேலைப்பாட்டில் எச்ஓவுக்குத்தான் என் ஓட்டு. ஐந்தேமுக்கால் அடி மனிதர் அதில் 20 மி.மீ. உயரம், முகத்துக்கு நிழல் பூசலாம், சட்டைக்குப் பட்டை போடலாம். 'என்' ஸ்கேலில் 11 மி.மீ.; சட்டைக்கு ஒரு நிறம், கால்சட்டைக்கு ஒரு நிறம், முடிந்தது. மாறாக மலை, பள்ளத்தாக்கு, நீண்ட பாலம், அதில் சிறிதாகத் தெரியும் நீண்ட ரயில் என்ற காட்சி 'என்' ஸ்கேலில் மட்டுமே நம்பும்படி அமையும். எச்ஓவில் மலை என்பது பெரும்பாலும் மேடுதான்.

ஓட்டத்திலும் வித்தியாசம் உண்டு. 'என்' எஞ்சின் எடை குறைந்தது, தண்டவாளத்தில் படிந்த தூசி அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். மெதுவாக முன்னும் பின்னும் நகரும் ஷன்டிங்குக்கு இது பெரிய எரிச்சல். அலமாரிப் பலகைக்கு எச்ஓவும், சுற்றி ஓடும் பாதைக்கு 'என்'னும் பொருந்துவது இதனால்தான். வடிவத்தை முதலில் தீர்க்கச் சொன்னதன் காரணமும் இங்கே விளங்கும்.

ஏற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாதை இன்னொன்றின் மேல் கடக்க எச்ஓவில் ஏழரை செ.மீ. உயர வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற நிதானமான சரிவில் அதற்கு மூன்றேமுக்கால் மீட்டர் ஓட்டம் தேவை. ஒற்றைப் பலகை வட்டத்தில் அது பாதிச் சுற்றுக்கு மேல். வரைபடத்தில் பாதைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஏற்றி இறக்குபவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

டிசியா, டிசிசியா

எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் முறை இரண்டு. இதை நீட்ட வேண்டியதில்லை. பழைய டிசி முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்னழுத்தம்தான் வேகம். ஒரே பகுதியில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். தனித்தனியாக ஓட்டப் பாதையைப் பகுதிகளாகப் பிரித்துச் சுவிட்ச் வைக்க வேண்டும். டிஜிட்டல் கட்டளை முறையான டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரமும் கட்டளையும் சேர்ந்து போகும். ஒவ்வோர் எஞ்சினிலும் தனி எண் கொண்ட டிகோடர் இருந்து தனக்கான கட்டளையை மட்டும் கேட்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடியொற்றி அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் இதற்குப் பொதுத் தரம் வகுத்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் டிகோடர் இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசுகிறது.

சுவரோரப் பாதையில் இரண்டு ரயில் ஓட வேண்டுமானால் முதல் நாளிலேயே டிசிசிக்குப் போங்கள். ஒரே எஞ்சின் உலாவும் அலமாரிப் பலகைக்கு டிசி போதும், சத்தமும் விளக்கும் வேண்டாதவரைக்கும். டிசிசிக்கு இரண்டே கம்பி போதும் என்ற விளம்பர வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பலகைக்கு அடியில் தடித்த கம்பி ஓட்டி, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுத்தால்தான் மின்சாரம் சீராகப் போகும். ரயிலைத் திருப்பி அதே பாதைக்குக் கொண்டுவரும் கண்ணியை எந்த முறையிலும் தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் ஷார்ட் ஆகும். மெர்க்லினின் எச்ஓ, நடுவில் பொட்டுகள் வைத்த மூன்றாம் தொடர்பில் ஓடுவதால் அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மேற்பரப்பு வேலை

தண்டவாளத்தின் உயரத்தை 'கோடு' (code) என்ற எண்ணால் குறிப்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோடு 100 தண்டவாளம் எச்ஓ கணக்கில் 22 செ.மீ. உயரம் ஆகிறது, நிஜத்தில் கனரகத் தண்டவாளமே பதினேழு பதினெட்டு செ.மீ.தான். கோடு 83 இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனாலும் பழைய சக்கரங்கள் உள்ளவர்கள் கோடு 100 எடுத்துப் பக்கங்களில் துருநிறம் பூசினால் போதும். உயரம் கண்ணுக்குத் தெரியாது. மேல்முகத்தைப் பெயின்ட் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். மொத்த அமைப்பிலும் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு மாற்றம் தருகிற வேலை வேறில்லை, ஏனோ பலர் இதைத் தவிர்க்கிறார்கள்.

ஜல்லியைக் காய்ந்தபடியே பரப்பி, தூரிகையால் கட்டைகளுக்கிடையே தள்ளி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தெளித்து நனைத்த பின்பே தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்ட வேண்டும். நனைக்காமல் விட்டால் பசை முத்து முத்தாக உருண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு போகும். பாயின்ட்டின் நகரும் பாகத்தில் மட்டும் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது.

புல்லுக்கு இரண்டு வழி. அரைத்த ஸ்பஞ்சுத் துகளைத் தூவுவது விரைவானது, பாசியும் வெட்டிய தரையும் அதில் நன்றாக வரும். நிலைமின்சாரத்தால் இழைகளை நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டேட்டிக் புல் அழகில் எங்கேயோ இருக்கிறது. அதன் நீளத்தை ஸ்கேலோடு பெருக்கிப் பாருங்கள்: 2 மி.மீ. இழை எச்ஓவில் 17 செ.மீ. புல், 'என்' ஸ்கேலில் 32 செ.மீ. அதே 6 மி.மீ. இழை எச்ஓவில் முழங்கால் உயரம், 'என்' ஸ்கேலில் இடுப்பளவு. பாக்கெட்டில் புல் என்று எழுதியிருந்தாலும் முளைப்பது புதராக இருக்கலாம்.

கட்டடங்களில் பிளாஸ்டிக் கிட் செங்கலுக்கும் ஓட்டுக்கும் நன்று, லேசரில் வெட்டிய மரக் கிட் பலகைச் சுவர்களுக்கு ஈடில்லாதது. முப்பரிமாண அச்சில் வருபவற்றில் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து எடுக்காவிட்டால் பெயின்ட் அவற்றை மறைக்காது, எடுத்துக்காட்டும். எது எடுத்தாலும் கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் பூசாதீர்கள். சிறிய பொருளில் நிறம் எப்போதும் சற்று வெளிறியே நம்பவைக்கும். எச்ஓ அமைப்பின் பின்வரிசையில் 'என்' ஸ்கேல் வீடொன்றை வைத்தால் ஓரடிப் பலகைக்கு ஒரு மைல் ஆழம் வந்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன், பாயின்ட்டுகளின் முழு அளவுத் தாள் மாதிரிகளை அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். பெக்கோ போன்ற நிறுவனங்கள் இவற்றை இலவசமாகவே தருகின்றன. உங்கள் மிக நீளமான பெட்டியின் அளவுக்கு ஓர் அட்டைத் துண்டு வெட்டி, போகிகள், அதாவது பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரத் தொகுதிகள், வரும் இரண்டு இடங்களைக் குறித்து, அந்தக் குறிகள் பாதையின் நடுக்கோட்டிலேயே இருக்கும்படி வளைவில் நகர்த்துங்கள். அட்டையின் மூலை வெளிப்பக்கத்துப் பாதையையோ, அதன் நடுப்பகுதி உட்பக்கத்துப் பாதையையோ தொட்டால், தடங்களுக்கிடையே உள்ள இடைவெளியைத் தாளிலேயே கூட்டிவிடுங்கள். ஜல்லி ஒட்டிய பிறகு அதைத் திருத்துவதென்றால் தண்ணீர் ஊற்றிப் பசையை ஊறவைத்துத்தான் தண்டவாளத்தைப் பெயர்க்க வேண்டியிருக்கும்.